ஹனிக்ரிஸ்ப் ஆப்பிளில் பழுப்புக் குழி: மருந்தை விடுங்கள், காயை எண்ணுங்கள்

கேள்வி: என் ஹனிக்ரிஸ்ப் மரங்கள் சென்ற ஆண்டு கிளை ஒடியுமளவு காய்த்தன. இந்த ஆண்டு காய் கொஞ்சம்தான், ஆனால் பெரிது பெரிதாக இருக்கிறது. பழத்தின் அடிப்பக்கத்தில் பழுப்புக் குழிகள் விழுகின்றன. இலையிலும் மஞ்சள் திட்டுகள். கடைக்காரர் பூஞ்சாண மருந்தும் யூரியாவும் கொடுத்தார். மருந்தை எத்தனை முறை அடிக்கலாம்?

பதில்: ஒருமுறைகூட வேண்டாம். இது பூஞ்சாணம் அல்ல, பிட்டர் பிட். கால்சியம் போதாமல் தோலுக்கடியில் சதை செத்துக் குழி விழுகிறது. விழுந்த குழி இனி எதற்கும் ஆறாது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட இந்த ரகத்தின் மொறுமொறுப்புக்கு ஈடில்லை, ஆனால் இந்தக் கோளாறு இதற்குப் பிறவிக் குணம்.

மஞ்சள் திட்டும் அப்படித்தான். காய் குறைந்தால் மாவுச்சத்து இலையிலேயே தேங்கி, திட்டு அதிகமாகும். அதற்கு யூரியா போட்டால் கொழுந்து தழைத்து, பழத்துக்குப் போக வேண்டிய கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். இலை நிறத்தை மட்டும் பார்த்து மூட்டை விற்பவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, சென்ற ஆண்டு மரத்தில் எத்தனை காயை விட்டுவைத்திருக்கலாம் என்பதைத்தான். அளவுக்கு மீறிக் காய்த்தால், விதைகளிலிருந்து வரும் ஹார்மோன் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டைத் தடுத்துவிடும். பிறகு காய் குறையும், இருக்கிற காய் பருக்கும், பருத்த காயில்தான் குழி அதிகம். அடுத்த வசந்தத்தில் உங்கள் மரங்கள் பூத்துக் குலுங்கும். அப்போது பிஞ்சைக் கிள்ளாமல் விட்டுவிட்டால் மறுபடி இதே கதைதான். பூ உதிர்ந்து ஒரு மாதத்துக்குள் கிள்ளுங்கள். அடிமரத் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பில் சதுர செ.மீ.க்கு 4 அல்லது 5 காய் போதும்; 5 செ.மீ. விட்டமுள்ள தண்டு என்றால் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ., அதாவது மரத்துக்கு 80 முதல் 100 காய். கொத்துக்கு ஒன்றுதான். கிள்ள மனம் வராது, தெரியும். ஆனாலும் கிள்ளியே ஆக வேண்டும்.

அப்புறம் கால்சியம். பிஞ்சுப் பருவத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்சியம் குளோரைடு அடியுங்கள். பழத்தின் மேலேயே பட வேண்டும். இலையில் பட்டது பழத்துக்கு வந்து சேராது. கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். விலை கூடிய டானிக் பாட்டில்களில் பலவற்றில், சொன்ன அளவுக்கு அடித்தால் கிடைக்கும் கால்சியம் சொற்பம். லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பொட்டாஷும் கால்சியத்தோடு போட்டி போடும், மண் பரிசோதனை இல்லாமல் போட வேண்டாம்.

இந்த ஆண்டுப் பழத்தைக் குளிர்கிடங்கில் வைக்காதீர்கள். இன்று நன்றாக இருப்பதிலும் அங்கே குழி விழும். பறித்த கையோடு விற்றுவிடுங்கள்.