எங்கள் ஊரில் பேட்டரியோடு பெரிய சோலார் பூங்கா வரப்போகிறதாம். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா?

கேட்டவர் விளாத்திகுளம் பக்கம்னு போட்டிருக்கார். வெயில் கூடிடும், மழை நின்னுடும், பேட்டரி வெடிக்கும்னு ஊர்ல பேச்சாம்.

எனக்கு ஊர் எண்ணூர் பக்கம் அத்திப்பட்டு. மொட்டை மாடியில நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிம்னி தெரியும். ஐ.டி.ஐ. முடிச்சதும் அனல் மின் நிலையங்கள்ல ஷட்டவுன் வேலை (ஓட்டத்தை நிறுத்திட்டுப் பழுது பார்க்கிறது), அப்புறம் ஒரு சப்-கான்ட்ராக்டரோட விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் சோலார் சைட்ல கேபிள் வேலை. ரெண்டையும் கிட்ட இருந்து பார்த்தவன்.

மழையைப் பேனல் நிறுத்தாது. மத்தியானம் பேனல் வரிசைக்கு நடுவுல நின்னா அனல் மூஞ்சியில அடிக்கும், வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சதில்ல. அதுக்கு மேல அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

பேட்டரி எதுக்குன்னா, சோலார் உச்சத்துல இருக்கிறது மத்தியானம். நாம லைட்டு, ஃபேன், ஏசி எல்லாத்தையும் ஒண்ணாப் போடுறது சாயங்காலம் 6 மணிக்கு மேல. அந்த நேரத்துல பேனல் தூங்கிடும், எங்க ஊர் சிம்னிங்கதான் ஓடணும். பகல் கரண்டை ராத்திரிக்கு எடுத்து வைக்கிறதுக்குத்தான் பேட்டரி. 100 மெகாவாட், 200 மெகாவாட்-ஹவர்னு எழுதியிருந்தா குழம்பாதீங்க. எங்க தெருமுனை மெட்ரோ வாட்டர் தொட்டி மாதிரிதான். மெகாவாட்டுங்கிறது குழாய் சைஸு, மெகாவாட்-ஹவர்ங்கிறது தொட்டி சைஸு. முழுசாத் திறந்து விட்டா ரெண்டு மணி நேரத்துல காலி.

பார்க்கிறதுக்கு வெறும் இருபதடிப் பெட்டி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ட்ரெய்லர் மேல வரிசையா நிக்குமே, அதே கன்டெய்னர். இப்ப வர்ற ஒரு பெட்டியில 5 மெகாவாட்-ஹவர் வரைக்கும் அடைக்கிறாங்க. 200க்கு 40 பெட்டி ஆச்சு. ஒவ்வொண்ணும் 40 டன்னுக்கு மேல எடை. உங்க ஊர் ரோட்டுல இருக்கிற சின்னப் பாலம் அதைத் தாங்குமான்னு இப்பவே கேட்டு வைங்க, இதை யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க.

வெடிக்கவே வெடிக்காதுன்னு நான் எழுத மாட்டேன். 2025 ஜனவரியில கலிபோர்னியாவுல மாஸ் லேண்டிங்னு ஒரு இடத்துல பெரிய பேட்டரி நிலையம் எரிஞ்சுது. பழைய மின் நிலையத்தோட டர்பைன் கட்டடத்துக்குள்ள எல்லாத்தையும் அடுக்கி வச்சிருந்தாங்க. இப்ப பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி, திறந்த வெளியில பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டு வைக்கிறாங்க, அபாயம் குறைவு. வீடுங்களுக்கும் பெட்டிக்கும் எத்தனை மீட்டர், பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துல சொல்லி வச்சிருக்காங்களா, இந்த ரெண்டையும் கேளுங்க. ராத்திரி பேனல் அமைதியாயிடும், பேட்டரியைக் குளிர வைக்கிற ஃபேன் அமைதியாகாது. கிட்ட படுத்தவனுக்குத் தெரியும், எனக்குத் தூக்கமே வரல.

ஆனா உங்க ஊர்ல யாரும் கேட்காதது தண்ணி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில 2016ல வந்த 648 மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர், அதாவது மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர்கிட்ட. அவ்வளவு நிலத்தை வளைக்கும்போது நடுவுல கண்மாய்க்குப் போற வரத்துக்கால் ஒண்ணாவது மாட்டும். பட்டா நிலத்தைக் கணக்குப் போட்டு வாங்குவாங்க, வரத்துக்கால் ஒருத்தர் பேர்லயும் இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு சைட்ல அதை மேடாக்கி லெவல் பண்ணிட்டாங்க. கரிசல் மண்ணு. ஐப்பசி மழைக்குத் தண்ணி பக்கத்துக் கம்பங்காட்டுல முழங்கால் அளவு நின்னுடுச்சு, கண்மாய் காஞ்சு கிடக்கு. காட்டுக்காரப் பெரியவர் கேட்டுக்கு வந்து, "தம்பி, இந்தத் தண்ணிய எங்கிட்டுப் போகச் சொல்றீக?"ன்னு கேட்டார். கேட்ல நின்னவன் பீகார் பையன், அவனுக்குத் தமிழும் தெரியாது, முதலாளி யாருன்னும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. நிலம் ஒரு கம்பெனி பேர்ல, கட்டுறது இன்னொண்ணு, கேபிள் எங்க ஆளு, ஓட்டப்போறது வேற ஒருத்தர். பதினோரு நாள் கழிச்சு பொக்லைன் வந்துச்சு, கம்பு அழுகிப்போச்சு.

அன்னைக்கு எனக்கு எங்க வீட்டு ஞாபகம்தான். எங்க தெருவுக்குப் பின்னாடி அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணி போற குழாய் ஓடுது, யாருதுன்னு இங்க வேணாம். நான் பத்தாவது படிக்கும்போது ஜாயின்ட் விட்டு, சிமென்ட் கரைசல் மாதிரி வாசல் வரைக்கும் வந்துச்சு. அம்மா புகார் சொல்லக் கிளம்பின பக்கத்து வீட்டு அக்காவை நிறுத்தி, "கேட்டாண்ட நிக்கிறவன் இன்னா பண்ணுவான், போய் வெளக்கமாறு எட்தா"ன்னாங்க.

கேட்ல போய்க் கேட்டா பதில் வராது, முன்னாடியே பத்திரத்துல இருக்கணும். அதனால என் பதில்: கொடுக்கலாம், விக்காதீங்க. மின்சார ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருஷம், குத்தகையும் அதை ஒட்டித்தான் கேட்பாங்க. நடுவுல நிலையத்தையே இன்னொரு கம்பெனிக்கு வித்துட்டுப் போறது சகஜம். வாடகை எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா ஏறும்னு பாருங்க. கைமாறினா வாங்கினவனையும் பத்திரம் கட்டுப்படுத்துமா, முடிஞ்சதும் தூணையும் காங்கிரீட்டையும் யார் செலவுல பிடுங்குறது, வரத்துக்கால் எங்கெங்க ஓடுது, இதெல்லாம் வரைபடத்தோட பதிவாகணும். வேலை கொடுப்போம்னு புரோக்கர் சொன்னா எத்தனை வருஷத்துக்குன்னு திருப்பிக் கேளுங்க. கட்டி முடிச்சப்புறம் புல்லு வெட்ட, பேனல் கழுவ, காவலுக்குன்னு கொஞ்சம் பேர்தான்.

பத்திரத்தோட வரைவு கையில வந்தா, பேரையெல்லாம் மறைச்சிட்டு நிலையம் கைமாறினா என்னன்னு எழுதியிருக்கிற பத்தியை மட்டும் இங்க போடுங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா எங்க அத்தைப் பையன் பொன்னேரி கோர்ட்ல இருக்கான். அவன்கிட்ட காட்டிச் சொல்றேன்.