முழங்கால் சத்தத்துக்கு 18,000 ரூபாயா?

கேள்வி: எனக்கு வயது 47. தையல் வேலை செய்கிறேன். படியேறினாலும் குந்தி எழுந்தாலும் முழங்காலில் நறநறவென்று சத்தம் கேட்கிறது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. இலவச முகாமில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "மூட்டில் எண்ணெய்ப் பசை வற்றிவிட்டது" என்கிறார்கள். ஊசி, மாத்திரை, பெல்ட் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

முழங்காலுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர் இயல்பிலேயே ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. மூட்டின் உள்சவ்வு அதைச் சுரந்துகொண்டே இருக்கிறது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பழகியவரிடம் 'வற்றிவிட்டது' என்ற பேச்சு எடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். முகாமுக்கு ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் போவதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். வலியே இல்லாத முழங்காலுக்கு ஊசி எதற்கு? தேய்ந்த குருத்தெலும்பை வளரவைக்கும் மாத்திரை இன்றுவரை கிடையாது. பெல்ட்டை நாளெல்லாம் கட்டினால் தொடைத் தசை சோம்பிப்போகக்கூடும்.

நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை முழங்கால் சில்லின் மேல் வைத்துக் காலை மெல்ல நீட்டி மடக்கிப் பாருங்கள். தொடை எலும்பின் பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் வழுக்குவது கைக்குத் தெரியும். அந்த உரசல்தான் நறநறப்பு. எப்போதாவது 'சடக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால், அது விரலில் சொடக்கு எடுப்பது போலத்தான்.

சில்லைப் பிடித்து இழுப்பவை தொடையின் முன்பக்கத்து நான்கு தசைகள். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் அவை மெலியும். தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, காலை நீட்டி, துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். அரசு மருத்துவமனையில் இதைத்தான் 'பயிற்சி' என்று ஒரே சொல்லாகச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். செய்துகாட்ட எல்லா இடத்திலும் ஆள் இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் பெல்ட் வியாபாரம் நடக்கிறது.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. கால் பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு, நீட்டவே வரவில்லை என்றால், உள்ளே இருக்கும் பிறை வடிவ ஜவ்வு கிழிந்து எலும்புகளுக்கு நடுவே சிக்கியிருக்கலாம். நெடுநேரம் தைத்துவிட்டு எழும்போது வரும் பிடிப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். வலிக்குப் பயந்து காலை நீட்டாமல் வைத்திருப்பதும் இது அல்ல. நீங்கள் நீட்ட நினைத்தும், ஏதோ கட்டை வைத்தது போல உள்ளே தடுக்கும். அப்போது யாரையும் காலை இழுத்துவிடச் சொல்லாதீர்கள். எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். ஓரிரு நாளுக்குள் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எக்ஸ்ரேயைப் படுக்கவைத்து எடுத்தார்களா, நிற்கவைத்தா? தேய்மானம் பார்க்க நின்றபடி எடுக்க வேண்டும். மூட்டின் மேல் உடல் பாரம் இறங்கினால்தான் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி சரியாகத் தெரியும். அந்தப் படம் உங்களுடையது, முகாம்காரர்களிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.