பத்துப் பவுண்டு அரிசிப் பை

"மேடம், பத்துப் பவுண்டு சோனா மசூரி பையை நெஞ்சில் கட்டிப் பிடித்துக்கொண்டு கார்ப்பெட்டில் மல்லாந்து படுத்துக் காலை உதைக்கிறாள். கேட்டால் பிராக்டீஸ் என்கிறாள்." கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து போனில் பேசிய அந்த அம்மா சிரிக்கவில்லை. மகளுக்கு 16 வயது, பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் லைஃப்கார்டு (குளத்தில் மூழ்குபவர்களைக் காப்பாற்றும் காவலர்) பயிற்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெரியப்பாவோ, பேர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் மூன்று வாரக் கோடிங் முகாமில் சேர்க்கச் சொல்கிறார். கட்டணம் 6,000 டாலர். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். என்ன செய்வது என்று கேட்டார்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அந்தப் பணத்தை கிரெடிட் கார்டில் போடப்போகிறோம் என்று அவர் சொன்னதும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன். முகாமுக்குப் பணம் கட்டினால் அதே பல்கலைக்கழகத்தில் பின்னால் இடம் கிடைத்துவிடும் என்று நம் வீடுகளில் பலர் நம்புகிறார்கள். கிடைக்காது. பிள்ளைக்குக் கணினியில் ஆசை இருந்தால் அது வேறு பேச்சு. இவளுக்கு இல்லை என்று அம்மாவே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் எதற்குக் கடன்?

லைஃப்கார்டு பயிற்சியைக் கடன் இல்லாமல் முடிக்க வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் (அரசின் இரண்டாண்டுக் கல்லூரிகள்) உள்ளன. அவற்றில் சில, இந்தப் பயிற்சியை உடற்கல்வித் துறையின் கிரெடிட் வகுப்பாகவே (கல்லூரிப் படிப்பில் கணக்காகும் வகுப்பு) நடத்துகின்றன. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரி வகுப்பு எடுப்பவர்களுக்கு (டூயல் என்ரோல்மெண்ட் என்பார்கள்) பல கல்லூரிகள் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்கின்றன. 2015-இல் வந்த ஏபி 288 என்ற மாநிலச் சட்டப்படி பள்ளி மாவட்டமும் (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கல்லூரியும் ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் அடங்கிய வகுப்புகளுக்குக் கட்டணமே கிடையாது. சான்றிதழுக்குத் தனியாகக் கொஞ்சம் கேட்கலாம். சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இதோடு நகராட்சியின் பூங்காத் துறையிலும் கேளுங்கள். கோடையில் நீச்சல் குளத்துக்கு லைஃப்கார்டு கிடைக்காமல் திண்டாடும் சில நகரங்கள், கல்லூரியோடு சேர்ந்துகொண்டு பயிற்சிச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. குளமும் பயிற்சியாளரும் கல்லூரியுடையது, வேலை நகராட்சியுடையது. சில இடங்களில் முதலில் நீங்கள் கட்டி, சீசன் முழுக்க வேலை பார்த்த பிறகுதான் பணம் திரும்பி வரும். பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெல் கிராண்ட் (கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பள்ளி முடிக்காத பிள்ளைக்கு அது கிடையாது. 2026 ஜூலை முதல் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் அது உண்டு என்றாலும், அதற்குக் குறைந்தது 150 மணி நேர வகுப்பு வேண்டும். லைஃப்கார்டு வகுப்பு சுமார் 30 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் கல்லூரியையும் நகராட்சியையும் விசாரிக்கச் சொல்கிறேன்.

அந்த 30 மணி நேரத்தை லேசாக நினைக்க வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் லைஃப்கார்டு பயிற்சி என்றால், வகுப்பின் கடைசி நாளுக்குள் 15 வயது ஆகியிருக்க வேண்டும், நுழைவுத் தேர்விலும் தேற வேண்டும். அதில் ஒரு பகுதி இது: 20 கெஜம் நீந்தி, 7 முதல் 10 அடி ஆழத்துக்கு முங்கி, அடியில் கிடக்கும் 10 பவுண்டு எடையை எடுத்து, மல்லாந்தபடி இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நீந்தித் திரும்பி, ஏணியைத் தொடாமல் கரையேற வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 வினாடிக்குள். கைகள் எடையைப் பிடித்திருப்பதால் கால்கள் மட்டும்தான் துணை. உங்கள் மகள் அரிசிப் பையோடு உதைத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான், அம்மா. யாரும் சொல்லாமல் தானே விதிகளைத் தேடிப் படித்துப் பழகியிருக்கிறாள். கோடிங் முகாமின் விவரத்தை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றீர்களே, அதையும் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

தேறியவர்களுக்கு முதலுதவி, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது), முதுகெலும்பு அடிபட்டவரை அசைக்காமல் பலகையில் ஏற்றுவது எல்லாம் வகுப்பில் உண்டு. சான்றிதழ் 2 வருடம் செல்லும். 18 வயதானதும், பிடித்திருந்தால், அதே மாதிரிக் கல்லூரியில் அவசர மருத்துவ உதவியாளர் படிப்பு இருக்கிறது. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், கடன் ஒன்றும் இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கிரெடிட் வகுப்பில் வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும், அதனால் வகுப்பைப் பாதியில் விட்டுவிடக் கூடாது. 18 வயதுக்குக் கீழே வேலை பார்க்கப் பள்ளி வழியாக ஒர்க் பர்மிட் வேண்டும். உங்கள் மகள் இங்கே பிறந்தவள், அதனால் விசாப் பிரச்சினை இல்லை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் பயிற்சி எடுக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கூடவே வருகிறாள் என்றீர்கள், அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டாதீர்கள். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், மகளைப் பேச வைக்க வேண்டாம். திங்கட்கிழமை டூயல் என்ரோல்மெண்ட் படிவத்தோடு பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த எடைத் தேர்வில் நீச்சல் கண்ணாடி போட விடமாட்டார்கள். இப்போதிருந்தே அது இல்லாமல் முங்கிப் பழகட்டும்.