லேபிளில் 2012 என்று இருக்கும் ஷாம்பெயினை மகளின் கலியாணம் வரை வைத்திருக்கலாமா?

பாரிஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "உணவகமொன்றில் பல ஆண்டுகள் சமையல் வேலை செய்து இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். விடைபெறும் நாளில் முதலாளி பொலாஞ்சே 'லா கிரான்ட் அன்னே 2012' ஷாம்பெயின் போத்தல் ஒன்றைத் தந்தார். பெட்டியோடு குசினி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இவ்வளவு பழையது கெட்டுப்போயிருக்குமா? அடுத்த கோடையில் மகளின் கலியாணம், அதுவரை வைக்கலாமா? விற்றுவிடலாம் என்கிறான் மகன்."

கெட்டுப்போயிருக்காது. கலியாணம் வரை தாராளமாக வைக்கலாம். ஆனால் இன்றைக்கே அதைக் குசினியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் போத்தலுக்கு 2012 என்ற எண்ணால் எந்த ஆபத்தும் இல்லை. அடுப்புச் சூடும் கூரையோரம் தேங்கி நிற்கும் வெப்பமும்தான் ஆபத்து.

அந்த 2012 திராட்சை பறித்த ஆண்டு. கடைகளில் காணும் ஷாம்பெயினில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டே இருக்காது. ஒவ்வொரு வருடமும் ஒரே சுவை வரவேண்டும் என்பதற்காக முந்தைய ஆண்டுகளின் வைனையும் சேர்த்துக் கலப்பார்கள். நல்ல விளைச்சல் என்று நிறுவனம் நம்பினால் மட்டும் அந்த ஒரே ஆண்டுத் திராட்சையில் தனியாகச் செய்து, ஆண்டைப் போடுவார்கள். 2012இல் ஷாம்பெயின் வட்டாரத்துக்கு வசந்தத்தில் உறைபனி, ஆலங்கட்டி மழை, பூஞ்சை நோய் என்று எல்லாமே வந்தன. பிறகு ஆகஸ்டில் நல்ல வெயில் அடித்தது. பழம் குறைவு, ஆனால் கிடைத்த பழம் அருமை. அண்மைக் காலத்தின் சிறந்த ஆண்டுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். நல்ல போத்தல்தான் தந்திருக்கிறார் உங்கள் முதலாளி.

ஆண்டு போட்ட ஷாம்பெயின் நிலவறையில் குறைந்தது 3 ஆண்டு கிடக்கவேண்டும் என்பது சட்டம். ஆண்டு இல்லாததற்கு 15 மாதம் போதும். பொலாஞ்சே இந்த வைனைச் சட்டம் கேட்பதைப் போல இரு மடங்குக்கும் மேல் வைத்திருந்துதான் வெளியே விடுகிறது. சும்மா கிடப்பதில்லை அது. வைனோடு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலை மூடியதும் உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அப்போது உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் வைனில் கரைந்துவிடும். குமிழி வருவது அதனால்தான். செத்த ஈஸ்ட் அடிமண்டியாகத் தங்கி, காற்றின் பாதிப்பிலிருந்து வைனைக் காக்கும். சுட்ட பாண், பிஸ்கட் போன்ற மணத்தையும் மெல்லக் கொடுக்கும். கடைசியில் போத்தலைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சாய்த்து மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, வெளியே தள்ளி, புதுத் தக்கை அடைப்பார்கள்.

உங்கள் கேள்விக்கு உண்மையில் முக்கியமான தேதி இந்த மண்டி நீக்கிய நாள்தான். பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் 'தெகோர்ஜே' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேடுங்கள். வைன் வயதாகத் தொடங்குவதை அதிலிருந்து கணக்கிடலாம். இந்தத் தர வைன் அதன்பின் பத்து ஆண்டு ஒழுங்கான குளிரில் இருந்தால்கூட நான் கவலைப்படமாட்டேன்.

இந்தத் தேதியைப் பெரிய விஷயமாக்கியதில் பொலாஞ்சே நிறுவனத்துக்கே பங்கு உண்டு. எப்பெர்னே நகருக்குப் பக்கத்தில் ஆயி என்ற ஊரில் 1829இல் தொடங்கிய நிறுவனம் அது. 1941இல், ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில், கணவர் இறந்துபோக, லில்லி பொலாஞ்சே பொறுப்பை ஏற்றார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் சைக்கிளில் போய்த் தோட்டங்களைப் பார்த்து வந்தவர். 1952ஆம் ஆண்டு வைனை மண்டியோடு நீண்ட காலம் வைத்திருந்து, மண்டி நீக்கிய கையோடு 1967இல் விற்பனைக்கு விட்டவர் அவர்தான். 'அண்மையில் மண்டி நீக்கியது' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கமான 'ஆர்.டி.' என்ற பெயரில் அது இன்றும் வருகிறது. உங்கள் கையிலிருக்கும் அதே வைன்தான், இன்னும் பல ஆண்டு மண்டியோடு கிடந்து வருவது.

உங்கள் போத்தல் நீண்ட நாள் தாங்கும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நொதித்தலை எஃகுத் தொட்டியில் முடித்துவிடும். இவர்கள் கிரான்ட் அன்னேயை முழுக்க முழுக்கப் பழைய ஓக் பீப்பாய்களில் நொதிக்கவிடுகிறார்கள். அவற்றைச் செப்பனிடச் சொந்தமாகப் பீப்பாய்த் தச்சர்கூட வைத்திருக்கிறார்கள். பழைய மரம் என்பதால் மரவாடை வராது. ஆனால் இளம் வயதிலேயே கொஞ்சம் காற்றுப் பட்டுப் பழகுவதால், பின்னாளில் அந்த வைன் காற்றுக்கு எளிதில் அசைந்துகொடுக்காது. அதனால்தான் இது காத்திருக்கும் என்று துணிந்து சொல்கிறேன்.

சரி, எங்கே வைப்பது? உங்கள் கட்டடத்தில் 'காவ்' இருக்கிறதா? நிலத்தடியில் பழைய சைக்கிளும் சூட்கேஸும் அடைந்துகிடக்குமே, அந்த அறைதான். வெப்பநீர்க் குழாய் ஓடாத மூலையில், பெட்டியோடு, படுக்கவைத்தோ நிறுத்தியோ வையுங்கள். 10 முதல் 12 பாகை இருந்தால் நல்லது. 15 ஆனாலும் ஓராண்டுக்குப் பரவாயில்லை. காவ் இல்லையென்றால் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையில், ரேடியேட்டருக்குத் தூரமாக, அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்மாடி வீடாக இருந்து கோடையில் வேகிறதென்றால் கலியாணம் வரை காக்கவேண்டாம், இந்தக் குளிர்காலத்திலேயே திறந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் இருக்கலாம், மாதக்கணக்கில் வேண்டாம்.

விற்பதை மறந்துவிடுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது எங்கே வைத்திருந்தீர்கள் என்பதைத்தான். குசினி என்று சொன்னால் விலை விழுந்துவிடும்.

கலியாண மண்டபத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். ஒரு போத்தலில் ஆறு கிளாஸ்தான் வரும். முந்நூறு பேருக்கு நடுவில் யாரோ எடுத்துக் கோலாவோடு கலந்துவிடுவார்கள்! முதல்நாள் இரவு வீட்டில், மணமக்களும் சம்பந்தியும் நீங்களுமாக இருக்கும்போது திறக்கலாம். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது கார் டயரைவிட இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம். கம்பியைத் தளர்த்தியதிலிருந்து கட்டைவிரலைத் தக்கையிலிருந்து எடுக்காதீர்கள். போத்தலை ஆளில்லாத பக்கம் சாய்த்து, தக்கையைத் துணியோடு இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போத்தலைத் திருப்புங்கள். 'டப்' என்ற சத்தம் வராமல் திறந்தால் நன்றாகத் திறந்திருக்கிறீர்கள்.

ஒல்லியான உயர்ந்த கிளாஸைவிடச் சாதாரண வெள்ளை வைன் கிளாஸ் மேல், மணம் தெரியும். நிறம் பொன்னாக இருப்பதும் குமிழி சற்று அடங்கியிருப்பதும் வயதின் இயல்பு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கையின் கோளாறு. பழுப்பு நிறமும் வாடிய ஆப்பிள் மணமுமாக இருந்தால் சூடு தின்றுவிட்டது என்று பொருள். அப்போதும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, சுவைதான் போயிருக்கும்.

தொட்டுக்கொள்ள உறைப்புக் குறைந்த பொரியல் வகைதான் சரி. கடலை வடை, மீன் கட்லட், பொரித்த இறால் எல்லாம் பொருந்தும். நண்டுக் கறியை மறுநாளுக்கு வையுங்கள். மிளகாய் எரிவைக் குமிழி இன்னும் கூட்டிவிடும். மிச்சம் இருந்தால் ஷாம்பெயினுக்கென்றே கிடைக்கும் கவ்வு மூடியைப் போட்டுக் குளிரில் வையுங்கள், மறுநாள் வரை நிற்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் குமிழி போகாது என்று அங்கே யாராவது சொல்வார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.