சினிமாவில் காட்சிகளை ஏன் கதை வரிசைப்படி எடுப்பதில்லை? சட்டை, முடி எல்லாம் மாறாமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கதை வரிசை எடிட்டிங்கில்தான் வரும். படப்பிடிப்பில் வரிசையை முடிவு செய்வது இடமும் நடிகர்களின் கால்ஷீட்டும்தான். ஒரு வீட்டை ஐந்து நாள் வாடகைக்குப் பிடித்தால், அங்கே நடக்கும் 4, 31, 78ஆம் காட்சிகளை எல்லாம் அந்த ஐந்து நாளில் முடித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் இடம், பகலா இரவா, யார் யார், என்ன பொருள் என்று முன்கூட்டியே பிரித்து எழுதி ஷெட்யூல் போடுவார்கள்.

சட்டை, முடி, பொருள்கள் எல்லாம் ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருப்பதைத்தான் கன்டினியுட்டி என்பார்கள். அதைத் தமிழ் சினிமாவில் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநர்தான் பார்ப்பார். நாயகன் வாசலில் செருப்பைக் கழற்றுவது இன்று. கூடத்துக்குள் நுழைவது மூன்று வாரம் கழித்து, செட்டில். அன்று மேல் பொத்தான் திறந்திருந்ததா, வாட்ச் எந்தக் கையில், டம்ளரில் காபி எவ்வளவு, எந்த வசனத்தில் டம்ளரைக் கீழே வைத்தார்? எல்லாம் அந்த உதவி இயக்குநரின் நோட்டில் இருக்கும். இப்போது செல்போன் படமும் கைகொடுக்கிறது.

இவ்வளவு பொறுப்பான வேலைக்கு இன்னும் கூடுதல் மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 'கட்' சொன்னதும் மற்றவர்கள் அடுத்த ஷாட்டுக்கு நகர்வார்கள். அவர் மட்டும் மேசையருகே குனிந்து, பாதி கடித்த இட்லியைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்.