‘சிக்கன் ரன்’ அனிமேஷன் படத்தில் மேக் என்ற கோழிக்குக் குரல் கொடுத்த லின் ஃபெர்குசன் வேறு என்ன செய்திருக்கிறார்?

நிறைய. அந்தக் குரல் அவருடைய வேலையில் ஒரு சின்னப் பகுதிதான்.

ஸ்காட்லாந்தின் கம்பர்நால்டு ஊரில் வளர்ந்தவர். கரோலின் பானிமனுடன் சேர்ந்து ‘அலெக்ஸாண்டர் சிஸ்டர்ஸ்’ என்ற நகைச்சுவை ஜோடியாக மேடையேறினார். அப்புறம் தானே நாடகங்கள் எழுதி, அவற்றில் நடித்தார்.

என்னைக் கேட்டால், அவரை அறிய ‘மில்போர்ட்’ தொடரில்தான் தொடங்க வேண்டும். பிபிசி ரேடியோ 4-இல் வந்த நகைச்சுவைத் தொடர். எழுதியதும் அவர், முக்கிய வேடமும் அவர்தான். ஸ்காட்லாந்தின் கிளைடு முகத்துவாரத்தில் கிரேட் கம்ப்ரே என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. அதிலுள்ள ஒரே ஊர்தான் மில்போர்ட். எல்லோரும் எல்லோரையும் அறிந்த அப்படிப்பட்ட ஊரில் மாட்டிக்கொண்ட வாழ்க்கையை வெறும் குரல்களாலேயே கண்முன் நிறுத்துவது லேசான காரியமல்ல.

2000-இல் ‘சிக்கன் ரன்’ வந்தது. கண்ணாடி போட்ட பொறியாளர் கோழியான மேக், லின்னின் அசல் ஸ்காட்டிஷ் உச்சரிப்பிலேயே பேசும். 2023-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அவர்தான்.

பிறகு அமெரிக்கா போய், தன் அண்ணன் கிரெய்க் ஃபெர்குசன் நடத்திய ‘லேட் லேட் ஷோ’ என்ற இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதினார். ஸ்காட்லாந்தில் நடக்கும் பிக்சார் படமான ‘பிரேவ்’ (2012) கதையிலும் அவருடைய ஆலோசனை உண்டு.