தொப்பையும் மூளையும்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டார வாசகர்களுக்கு மருத்துவர் பதில்

எடை கூடினால் மூளை சுருங்கிவிடுமா? பயமாக இருக்கிறது. (சாட்ஸ்வொர்த், வயது 47)

இடுப்பு பெருத்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், சாம்பல்நிறப் பகுதி (நரம்பு செல்கள் நிறைந்த பகுதி) சராசரியாகச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. 2016-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்றில், 50 வயதுப் பருமனானவர்களின் மூளை வெண்பகுதி (நரம்பு இழைகள் ஓடும் பகுதி) அளவில் 60 வயது ஒல்லியானவர்களுடையதை ஒத்திருந்தது. ஆனால் அறிவுத்திறன் சோதனையில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வயிற்றுக் கொழுப்புக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலக்கிறது, இன்சுலினை மந்தமாக்குகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவழிக்கும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள்தான் முதலில் அடிவாங்குகின்றன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் இன்னும் மோசம். குறட்டையைப் பற்றி வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், நீங்களே சாட்சி சொல்லாதீர்கள்.

தராசைவிட நாடாவை நம்புங்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டர் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். நாடாவைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வது நம்மவர் வழக்கம்!

புரட்டாசி முழுதும் சைவம். எடை மட்டும் இறங்கவில்லையே? (ஃபீனிக்ஸ்)

கறி போன இடத்துக்கு என்ன வந்தது? ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் உணவான ‘பீன்ஸ் பன்னி’யும் சைவம்தான். ஆனால் கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியையும் தொட்டுத் தின்று, பக்கத்தில் பூரி பாத்தா (பூரியும் மாவு தடவிச் சுருட்டிய சேம்பு இலையும்), குடிக்கக் கோலா! 2018-இல் சர்க்கரைப் பானத்துக்கு வரி போட்டும் உங்கள் கை நிற்கவில்லை.

இளைத்தால் மூளை தேறுமா? (டர்பன்)

எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு சிலருக்கு நினைவாற்றல் மேம்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் அப்படி என்று உறுதி தர மாட்டேன்.

அம்மாவுக்கு 78. தானாகவே மெலிந்து வருகிறார். நல்லதுதானே? (டோங்காட்)

இல்லை. பருமனால் மறதிநோய் வரும் ஆபத்து என்பது நடுவயதுக் கணக்கு. முதுமையில் முயற்சியின்றி எடை இறங்குவது வேறு கதை. மறதி வெளிப்படச் சில ஆண்டுகள் முன்பே அது தொடங்குவதுண்டு. சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு, ஏன், பொருந்தாத பல்செட்கூடக் காரணமாகலாம். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அவர் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.